ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

அழைப்பு மணியை ஆறாவது முறையாக அழுத்தினான். உள்ளே மணி அடிப்பது வெளியே நின்ற அவனுக்கே தெளிவாகக் கேட்டது. காலடிச் சத்தம்தான் கேட்கவில்லை.

தோளில் ஒரு குட்டி சைக்கிள். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்ததுமே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மாடிக்கு மாடி பெடல் விலா எலும்பைப் பதம் பார்க்க, நான்கு மாடியும் ஏறி வந்தாகிவிட்டது. மணி பத்து ஏழு.

ஏழாவது முறைக்கு விரலை நீட்டியபோது எதிர்க்கதவு திறந்தது. முகத்தில் பாதி சவர நுரையோடு எதிர்வீட்டுக்காரர்.

"தம்பி, பூட்டு தொங்குது பாருங்க. எத்தனை தடவை மணி அடிச்சாலும் பூட்டா வந்து கதவைத் திறக்கும்?"

"எங்க போனாங்க?"

"எட்டரைக்கே கிளம்பிட்டாங்க. பாப்பா தோள்ல நீச்சல் பை இருந்துச்சு." அவர் நுரையைத் துடைத்துக்கொண்டார். "போன ஞாயித்துக்கிழமை வந்திருக்கலாமே. பாப்பா புதுச் சட்டை போட்டுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் இந்தப் படியிலதான் உக்காந்திருந்துச்சு."

எதிர்வீட்டுக்காரரையும் மனைவி பழக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். பூட்டைப் படம் எடுத்தான். அவன் போனில் அது நான்காவது பூட்டுப் படம். நான்கும் அதே பித்தளைப் பூட்டு, தேதிகள் மட்டும் வேறு.

காலண்டரைத் திறந்தான். ஞாயிறு, இருபத்தொன்று. கட்டத்துக்குள் பச்சை நிறத்தில் 'குட்டி, 10 முதல் 5'. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

குட்டி என்பது அவனுடைய ஆறு வயது மகள். எட்டு மாதங்களுக்கு முன் அவனும் மனைவியும் பிரிந்தார்கள். யாரிடம் குழந்தை என்ற கேள்விக்குக் கோர்ட் போன மாதத் தொடக்கத்தில் சொன்ன பதில் ஒரே வரி. குழந்தை தாயிடம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனியும் ஞாயிறும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை தகப்பனிடம். குடும்பநல ஆலோசகர் அந்த வரியைக் காலண்டர் அழைப்பாக மாற்றி இரண்டு போனுக்கும் அனுப்பினார். அனுப்பப்பட்டது ஒரே அழைப்பு. இருவரும் 'சரி' என்று அழுத்தினார்கள். கடைசியாக அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

சனிக்கிழமைகள் ஒழுங்காக நடந்தன. ஞாயிற்றுக்கிழமைகள்தான் நாசமாய்ப் போயின. அவன் போனால் பூட்டு. அவளைக் கேட்டால், அவன் வருவதே இல்லை என்கிறாள். இரண்டு பக்கமும் புகார் மேல் புகார் வந்து அலுத்துப்போன ஆலோசகர், போன வாரம் அவனிடம் போனில் சொன்னார். "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. யார் பொய் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியல. தெரியாமலே போச்சுன்னா ஞாயித்துக்கிழமையை எடுத்துடச் சொல்லி எழுதிடுவேன். படியில உக்காந்து காத்திருக்கிற குழந்தையை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

எடுத்துவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது மாதத்தில் இரண்டு பகல்.

மனைவிக்குப் போன் போட்டான். எடுத்ததும் தண்ணீர்ச் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும்.

"எங்க இருக்க?"

"நீச்சல் குளத்துல. ஏன்?"

"ஏனா? நான் உன் வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

"இன்னிக்கு எதுக்கு அங்க நிக்கிற? நேத்துதானே வந்துட்டுப் போன."

"நேத்து சனி. இன்னிக்கு ஞாயிறு. சனிக்கு அடுத்தது ஞாயிறுன்னு உனக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமா?"

"உன் ஞாயிறு போன வாரம் வந்துட்டுப் போயிடுச்சு. அடுத்தது இருபத்தெட்டு. மூணு ஞாயிறு குழந்தைக்குத் தலை வாரி உக்கார வெச்சு, வராத உன்னை நினைச்சு நான்தான் அதுக்குச் சமாதானம் சொல்லியிருக்கேன். போனைப் பாத்துட்டுப் பேசு."

"பாத்துட்டுத்தான் பேசறேன். என் போன்ல இன்னிக்கு."

"அப்ப உன் போனை மாத்து."

"தேதிக் கணக்கு என் தொழில். எனக்கே நீ தேதி சொல்றியா?"

"அதான் பிரச்சினையே" என்றாள். வைத்துவிட்டாள்.

தொழில் என்று அவன் சொன்னது வாய்ப்பேச்சு இல்லை. அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே பஞ்சாங்கம். மாதக் கடைசி வெள்ளி, மூன்றாவது செவ்வாய், பத்து நாளைக்கு ஒரு முறை என்று திரும்பத் திரும்ப வரும் தேதிகளைக் கணக்குப் போட்டுச் சொல்கிற கணினி நிரலைப் பதினோரு வருடங்களாக எழுதிக்கொண்டிருப்பவன். அந்த நிரல்தான் பல லட்சம் போன்களில் காலண்டருக்குள் உட்கார்ந்து தேதி சொல்லிக்கொண்டிருக்கிறது. அவன் போனிலும், அவள் போனிலும்.

அவளும் ஒன்றும் அறியாதவள் இல்லை. ஒரு காலத்தில் அதே அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் இருந்தவள்தான். குட்டி பிறந்தபோது வேலையை விட்டாள். அதனால்தான் அவனுக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. காலண்டரைப் பார்க்கத் தெரியாதவள் தேதியை மாற்றிச் சொன்னால் மன்னிக்கலாம். தெரிந்தவள் சொன்னால் அது திட்டம்.

நேற்று பூங்காவில் குட்டிகூடக் கேட்டது. "போன ஞாயித்துக்கிழமை நீ ஏம்ப்பா வரல?" குழந்தையையும் சொல்லிக் கொடுத்துப் பேச வைக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினான்.

சைக்கிளோடு நான்கு மாடியும் இறங்கினான். இறங்கும்போதும் பெடல் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

அன்று மதியம் அக்கா போன் செய்தாள். நடந்ததை எல்லாம் கொட்டினான். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். அது நல்ல அறிகுறி இல்லை என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"முடிச்சிட்டியா?" என்றாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அவ வாய் கொஞ்சம் நீளம். பிடிவாதமும் உண்டு. ஆனா பொய் சொல்ற ஆளு இல்லடா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீயும் சொல்லல. ரெண்டு பேரும் உண்மையைச் சொல்லிக்கிட்டே சண்டை போடறீங்களோ என்னவோ. அவ போன்ல என்னதான் இருக்குன்னு ஒரு தடவையாவது கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒரே அழைப்பு, ஒரே நிரல். வேறு எதைக் காட்டிவிடும்?

"ஊருக்கெல்லாம் குறி சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்த கதையா இருந்துடப் போகுது. கேட்டு வாங்கிப் பாரு" என்று அக்கா வைத்துவிட்டாள்.

மனைவிக்கு ஒற்றை வரிச் செய்தி அனுப்பினான். 'உன் காலண்டர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பு.' பதில் வார்த்தை வரவில்லை. படம் வந்தது. சனி ஆறு, சனி இருபது. இவை அவன் போனிலும் உண்டு. ஆனால் ஞாயிறு பதினான்கு. ஞாயிறு இருபத்தெட்டு. அவன் போனில் ஏழும் இருபத்தொன்றும் இருந்த இடத்தில், அவள் போனில் வெறும் வெள்ளைக் கட்டம்.

கையால் மாற்றியிருக்கிறாள். சந்தேகமே இல்லை. நாளை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று படுத்தான்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் முதல் வேலையாக அந்த அழைப்பைத் தன் கணினியில் ஓட்டினான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி, ஞாயிறு, தொடக்கம் போன மாதம் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை. திரையில் தேதிகள் இறங்கின. சனி ஆறு, ஞாயிறு ஏழு. சனி இருபது, ஞாயிறு இருபத்தொன்று. பத்து வருடத்துக்கு ஓட்டினான். கல்யாண ஜோடிபோலச் சனியும் ஞாயிறும் கைகோத்துக்கொண்டே வந்தன. மறுபடி ஓட்டினான். அதே விடை. மதியம் வரை ஓட்டினான். தேதி மாறவில்லை, அவன் முகம்தான் கடுத்துக்கொண்டே போனது.

"என்ன பஞ்சாங்கம் சார், கீபோர்டு என்ன பாவம் பண்ணுச்சு? இந்தக் குத்து குத்துறீங்க."

சோதனைப் பிரிவின் தலைவி. சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எந்த நிரலைக் கொடுத்தாலும் குடைந்து குடைந்து ஒரு ஓட்டை கண்டுபிடிப்பதால் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். அவளுக்கு அந்தப் பெயர் தெரியும். தன் தேநீர்க் கோப்பையிலேயே எழுதி ஒட்டி வைத்திருந்தாள்.

வீட்டு விவகாரம் என்பதை மறைத்து, இரண்டு படங்களையும் அவள் முன் நீட்டினான். "ஒரே அழைப்பு. இது என்னோடது. இது இன்னொருத்தரோடது. இன்னொருத்தர் கையால மாத்தியிருக்காங்கன்னு எப்படி நிரூபிக்கிறது?"

குடைச்சல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யாரும் மாத்தல சார்."

"நீயுமா?"

"கோவப்படாம மேல் வரிசையப் பாருங்க. உங்க படத்துல முதல் கட்டம் என்ன கிழமை?"

"திங்கள்."

"இந்தப் படத்துல?"

பார்த்தான். ஞாயிறு.

நேற்று மதியத்திலிருந்து நூறு முறை பார்த்த படம். தேதியைப் பார்த்தான்; தேதிக்கு மேலே இருந்த கிழமை வரிசையைப் பார்க்கவே இல்லை.

குடைச்சல் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டாள். "உங்க போன்ல வாரம் திங்கள்ல ஆரம்பிச்சு ஞாயித்துல முடியுது. அதனால சனியும் ஞாயிறும் வரிசைக் கடைசில ஒட்டிக்கிட்டு இருக்கு. அவங்க போன்ல வாரம் ஞாயித்துல ஆரம்பிச்சு சனில முடியுது. ஞாயிறு வரிசைக்குத் தலை, சனி வாலு. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்னா காலண்டருக்கு என்ன? ஒரு வரிசையை எடு, ஒரு வரிசையை விடு. இருபதாம் தேதி சனி வாலுன்னா, அதே வரிசைக்குத் தலை எது?"

"பதினாலு" என்றான். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து மறுபடி சொன்னான். "பதினாலு."

"சனிக்கிழமை ரெண்டு பேருக்கும் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ஒரு வாரம் இடிக்கும். ரெண்டு போனும் உண்மையைத்தான் சொல்லுது. வாரம் எதுல ஆரம்பிக்குதுன்னு அழைப்புல எழுதி அனுப்பியிருக்கணும், எழுதல. அப்படி எழுதலன்னா என்ன பண்ணணும்னு நம்ம நிரல் என்ன சொல்லுது?"

அவன் அந்த வரியைத் தேடி எடுத்தான். வாரத் தொடக்கம் குறிப்பிடப்படாவிட்டால், போனின் செட்டிங்ஸில் உள்ளதை எடுத்துக்கொள். ஒரே ஒரு வரி. பக்கத்தில் எழுதியவனின் பெயர்.

அவன் பெயர்.

நான்கு பூட்டுப் படங்கள். எதிர்வீட்டுக்காரரின் சவர நுரை. ஐஸ்கிரீம் கொடுத்து வாயடைத்த குட்டி. எல்லாமே இந்த ஒற்றை வரியில் முட்டிக்கொண்டு நின்றன. மேசையைக் குத்தத் தோன்றியது. யாரைக் குத்துவதாக நினைத்துக்கொண்டு குத்துவது?

"இப்படி ஒரு ஓட்டை பதினோரு வருஷமா யார் கண்ணுலயும் படலையா?" என்றபடியே குடைச்சல் பழைய டிக்கெட்டுகளைத் தேடத் தொடங்கினாள். நிரலில் பிழை கண்டவர்கள் எழுதிப் போடும் புகாருக்கு அங்கே டிக்கெட் என்று பெயர். "பட்டிருக்கு சார். ஏழு வருஷம் முன்னாடி ஒண்ணு இருக்கு."

திரையில் வந்தது. 'ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு என்று போட்டால், வாரத் தொடக்கத்தைப் பொறுத்து ஞாயிறு மட்டும் இடம் மாறுகிறது. இரண்டு பேர் ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டால், ஒருவர் வாசலில் நிற்பார். மற்றவர் இன்னொரு நாள் வீட்டில் காத்திருப்பார். இருவரும் தத்தம் பக்கமே சரி என்பார்கள். மூன்று போனில் சரிபார்த்தேன்.'

புகார் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை நிர்வாகம் அழித்துவிட்டுக் கோடு போட்டுவிடும். ஏழு வருடத்தில் அப்படிப் போனவர்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். அவன் அந்தக் கோட்டைக் கடந்து கீழே போனான். கீழே, டிக்கெட்டை மூடியவர் பெயரும் மூடிய காரணமும் இருந்தன.

குடைச்சல் அதைப் படித்தாள். மெதுவாக விசில் அடித்தாள். அவன் பக்கம் திரும்பாமலே கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"இது உங்களுக்கு எதுக்கோ தேவைப்படுதுன்னு தெரியுது. பிரிண்ட் எடுத்துக்குங்க. முழுசா எடுத்துட்டுப் போவீங்களா, பாதியா?"

"மேல் பாதி போதும்" என்றான்.

"நான் கேக்கல" என்று நகர்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்பே ஆலோசகரின் அறை வாசலில் இருந்தான். சட்டைப் பையில் அந்தத் தாள். மேல் பாதி வெளியே தெரிய, கீழ்ப் பாதி பின்பக்கம் மடிந்து, மடிப்பின் மேல் நகத்தால் இரண்டு முறை அழுத்தியிருந்தான்.

அறையில் மூன்று நாற்காலி, ஒரு மேசை, மேசைமேல் டிஷ்யூ பெட்டி. சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடியது. அவள் ஏற்கெனவே வந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குட்டி ஒரு வண்ணப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் பென்சிலை ஆட்டியது.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் ஆலோசகர். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "பூட்டுப் படம் எல்லாம் பாத்துட்டேன். அதைத் தவிர ஏதாவது இருந்தா சொல்லுங்க."

அவன் சொன்னான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். குடைச்சல் போட்டதைப் போலவே கட்டம் போட்டு, தலையையும் வாலையும் காட்டினான். ஆலோசகர் இரண்டு முறை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். மூன்றாவது முறை தன் போனையே திறந்து பார்த்தார்.

அவன் பேசி முடிக்கும்வரை அவள் கட்டத்தைப் பார்க்கவில்லை. அவன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடவுளே" என்றார் ஆலோசகர். "நாலு ஞாயிறு இவர் பூட்டைப் பாத்துட்டுப் போயிருக்காரு. மூணு ஞாயிறு நீங்க குழந்தையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. இதுல நான் வேற ஆளுக்கு ஒரு அறிவுரை குடுத்திருக்கேன். இப்படி நடக்கும்னு யாருக்காவது முன்னாடியே தெரியுமா? எழுத்துல ஏதாவது இருந்தா எனக்குச் சுலபம்."

தாளை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளங்கையை மடிப்பின் மேல் வைத்துக்கொண்டான். "ஏழு வருஷம் முன்னாடியே ஒருத்தர் புகார் எழுதியிருக்காங்க. யாருன்னு தெரியல. வேலையை விட்டுப் போயிட்டாங்க போல."

ஆலோசகர் மேல் பாதியைச் சத்தமாகப் படித்தார். 'ஒருவர் வாசலில் நிற்பார். மற்றவர் இன்னொரு நாள் வீட்டில் காத்திருப்பார்' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒரு தடவை படித்தார்.

"எழுதினவங்களுக்குக் கை நல்லா ஓடியிருக்கு. எழுதியும் ஏன் சரி பண்ணல?"

"அது... பழைய விஷயம் மேடம். அப்ப வேலை ஜாஸ்தி."

"சரி, போகட்டும். தப்பு ரெண்டு பேர் மேலயும் இல்ல, காலண்டர் மேலன்னு எழுதிடறேன். ஞாயித்துக்கிழமை அப்படியே தொடரட்டும். இனிமே தேதியை நானே பேனாவால எழுதித் தர்றேன்." ஆலோசகர் பேனா மூடியைத் திறந்து அவளைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்காம்மா?"

"இல்ல மேடம். வரட்டும். வர்ற ஞாயித்துக்கிழமையும் வரட்டும், விட்டுப்போன கணக்குக்கு. குழந்தை சைக்கிளைக் கேட்டுக்கிட்டே இருக்கு."

அவன் மூச்சு விட்டான். தாளை எடுத்து மறுபடி பைக்குள் வைக்கப் போனான்.

"அந்தத் தாளை மட்டும் முழுசா விரிச்சு வெச்சுட்டு எழுதுங்க மேடம்" என்றாள் அவள். "மடிச்ச பக்கத்துல இன்னும் கொஞ்சம் இருக்கும்."

அவன் கை அப்படியே நின்றது.

"என்ன இருக்கும்?" என்றார் ஆலோசகர்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பென்சில் கடித்துக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தபடி, மனப்பாடமான ஒன்றை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "'நிஜ வாழ்க்கையில் எந்த இரண்டு பேரும் இப்படி ஒரு நிகழ்ச்சியைப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மூடப்படுகிறது.' அதுக்குக் கீழ இவர் பேரு."

ஆலோசகர் கையை நீட்டினார். அவன் கொடுக்க வேண்டியதாயிற்று. மடிப்பு பிரிந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஏழு மாசக் குழந்தையை வயித்துல வெச்சுக்கிட்டு, மூணு போனை முன்னால பரப்பி, ரெண்டு நாள் உக்காந்து சரிபார்த்தேன் மேடம்" என்றாள். "அந்தப் புகாரை எழுதினது நான்தான்."